கோல்ஃப் சொற்களும் ஒரு கணக்குப் பாடமும்

புணே நகரின் தென்மேற்கே, முட்டா ஆற்றின் குறுக்கே 19ஆம் நூற்றாண்டில் எழுந்த அணையால் பெயர்பெற்ற ஊர் கடக்வாஸ்லா. அவ்வணை தேக்கிய ஏரியை ஒட்டி, முப்படைகளுக்கும் இளம் அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாதமி அமைந்திருக்கிறது. 1949 அக்டோபர் 6 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டிய இக்கழகம், 1955 ஜனவரியில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அதன் வளாகத்தில் கோல்ஃப் மைதானமும் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், அப்பகுதிக் கிளை ஒன்றுக்கு நான் மாற்றலாகிச் சென்றேன். தஞ்சை மாவட்டத்தில் வணிகவியல் படித்து வங்கிப் பணிக்கு வந்தவன் நான். கிரிக்கெட்டும் கபடியும் அறிவேன். கோல்ஃபைத் தொலைக்காட்சியில்கூட ஐந்து நிமிடம் தொடர்ந்து பார்த்ததில்லை. எங்கள் வாடிக்கையாளர்களிலோ ஓய்வுபெற்ற படை அதிகாரிகள் பலர். அவர்களுள் திருநெல்வேலிக்காரர் ஒருவர், நான் தமிழன் என்று அறிந்த நாள்முதல் என் மேசைக்கே வந்து அமர்வார். ஒருநாள் பேச்சுவாக்கில், "வயதாகிவிட்டது தம்பி, இப்போது என் ஹேண்டிகேப் 18 ஆகிவிட்டது" என்றார்.

எனக்கு வருத்தமாக இருந்தது. உடற்குறைபாட்டைத்தான் அவ்வாறு சொல்கிறார் என்று எண்ணினேன். குரலைத் தாழ்த்தி, மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதா என்றும், வருமான வரியில் 80யு பிரிவின்கீழ்க் கழிவு கோரலாம் என்றும் எடுத்துரைத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் கிளையே திரும்பிப் பார்த்தது. பின்னர் ஒரு வெற்றுச் செலுத்துச்சீட்டைத் திருப்பி, அதன் பின்புறத்தில் கோல்ஃப் மைதானத்தின் படத்தை வரையத் தொடங்கினார். அன்று தொடங்கிய பாடத்தையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மைதானத்தை அறிவோம்

கோல்ஃப் இந்தியாவுக்குப் புதிதன்று. பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே மிகப் பழமையான கோல்ஃப் சங்கம், 1829இல் தோன்றிய கல்கத்தா சங்கமே. நம் மாநிலத்தில் உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் சென்னை நந்தனத்திலும் மைதானங்கள் உள்ளன.

முழு மைதானம் என்பது 18 குழிகள் கொண்டது. 'குழி' என்ற சொல் இரு பொருளில் வழங்குகிறது. பந்து விழ வேண்டிய சிறு பள்ளமும் குழி. தொடங்கும் இடத்திலிருந்து அப்பள்ளம் வரையுள்ள முழு ஆடுதளமும் குழி. அந்தப் பள்ளத்தின் விட்டம் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது.

ஆட்டம் தொடங்கும் மேடை 'டீ'. பருகும் தேநீருக்கும் இதற்கும் தொடர்பில்லை. முதல் அடிக்காகப் பந்தைத் தாங்கி நிற்கும் சிறு முளைக்கும் அதே பெயர்தான். டீயிலிருந்து இலக்கை நோக்கிச் சீராக வெட்டப்பட்ட புல்வெளி 'ஃபேர்வே'. அதன் இருமருங்கும் வளரவிடப்பட்ட உயர்ந்த புல் 'ரஃப்'. மணல் நிரப்பிய பள்ளம் 'பங்கர்'. இறுதியில், கம்பளம்போல் ஒட்ட வெட்டிய புல்தரை 'கிரீன்'. குழியும் கொடிக்கம்பும் அங்கேதான் இருக்கும். குளம், ஓடை முதலியவை முன்பு 'வாட்டர் ஹசார்ட்' எனப்பட்டன; 2019ஆம் ஆண்டு விதித்திருத்தத்திற்குப் பின் 'பெனால்ட்டி ஏரியா' எனப்படுகின்றன. வெண்கம்புகள் குறிக்கும் எல்லைக்கு அப்பால் பந்து சென்றால் அது 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்'. அப்போது ஓர் அடியைத் தண்டனையாகச் சேர்த்துக்கொண்டு, முன்பு அடித்த இடத்திலிருந்தே மீண்டும் அடிக்க வேண்டும். காணாமற்போன பந்தைத் தேட மூன்று நிமிடமே அனுமதி.

'பார்': நாம் அறிந்த சொல்

ஒவ்வொரு குழிக்கும், தேர்ந்த ஆட்டக்காரர் எத்தனை அடிகளில் பந்தைச் சேர்ப்பார் என்ற ஓர் எண் வகுக்கப்பட்டிருக்கிறது. அதுவே 'பார்'. கிரீனில் இரண்டு அடிகள் ஆகும் என்பது பொதுக் கணக்கு. ஓர் அடியில் கிரீனை எட்டக்கூடிய குறுகிய குழி பார் 3. இரண்டு அடிகள் வேண்டுவது பார் 4. மூன்று வேண்டுவது பார் 5. பார் 3 குழிகள் நான்கு, பார் 4 குழிகள் பத்து, பார் 5 குழிகள் நான்கு என்று அமைந்த மைதானத்தில் 12, 40, 20 ஆகியவற்றைக் கூட்டினால் 72. பல மைதானங்களின் பார் இதுவே.

இச்சொல் பங்குச் சந்தையிலிருந்து சென்றது என்று அறிந்தபோது, சொந்த ஊர்க்காரரை அயலூரில் சந்தித்ததுபோல் மகிழ்ந்தேன். 1870இல் டோல்மன் என்னும் கோல்ஃப் எழுத்தாளர், ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் பிழையின்றி ஆடினால் எத்தனை அடிகள் ஆகும் என்று இரு தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் கேட்டார். அன்று 12 குழிகளே கொண்ட அம்மைதானத்திற்கு 49 என்றனர். பங்கின் முகமதிப்பைக் குறிக்கும் 'பார்' என்ற சொல்லை டோல்மன் அந்த எண்ணுக்கு வழங்கினார். அவ்வாண்டு மூன்று சுற்றுகள் ஆடி வென்ற இளைய டாம் மாரிஸ் எடுத்தவை 149 அடிகள்; பாருக்கு இரண்டே கூடுதல்.

ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். கடன் பத்திரம் முகமதிப்புக்குக் கீழே விற்றால் முதலீட்டாளர் கவலைப்படுவார். கோல்ஃபிலோ பாருக்குக் கீழே செல்வதே பெருமை. குறைவாகச் செலவிட்டவரே இங்கு வெற்றியாளர்.

பறவைகளும் ஒரு பூதமும்

பாருக்கு ஓர் அடி குறைவாக முடித்தால் 'பர்டி'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சுவழக்கில் சிறப்பான எதையும் 'பறவை' என்று பாராட்டுவது உண்டு. அதிலிருந்து பிறந்த சொல் இது. சிறு பறவைக்கு ஓர் அடி என்றால், இரண்டு அடி குறைந்தால் கழுகு, அதாவது 'ஈகிள்'. மூன்று குறைந்தால் பெருங்கடல்மேல் பறக்கும் 'அல்பட்ராஸ்'. டீயிலிருந்து அடித்த முதல் அடியிலேயே பந்து குழியில் விழுந்தால் 'ஹோல் இன் ஒன்'.

பாருக்கு ஓர் அடி கூடினால் 'போகி'. இரண்டு கூடினால் 'டபுள் போகி'. பழையதைக் கழிக்கும் நம் போகிப் பண்டிகைக்கும் இதற்கும் உறவில்லை. 1890களின் இங்கிலாந்தில் புகழ்பெற்றிருந்த ஒரு பூதப் பாடலிலிருந்து இப்பெயர் வந்தது. எவராலும் எளிதில் பிடிக்க முடியாத ஒரு கற்பனை எதிராளியாக அந்தப் பூதத்தை ஆட்டக்காரர்கள் கொண்டனர். படை அதிகாரிகளின் சங்கங்களில் அப்பூதத்திற்குப் பதவியும் கிடைத்து, அவர் 'கர்னல் போகி' ஆனார். 1914இல் வெளிவந்த புகழ்மிக்க படையணிநடை இசைக்கும் அந்தக் கர்னலின் பெயரே சூட்டப்பட்டது. தொடக்கத்தில் போகி என்பது நல்ல எண்ணிக்கையாகவே இருந்தது. ஆட்டத்தின் தரம் உயர உயர, பார் முன்னே செல்ல, போகி ஓர் அடி பின்தங்கிவிட்டது.

அடிகளும் கருவிகளும்

ஆட்டக்காரர் பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் இருக்கலாம். தொலைதூர அடிக்குரிய பருத்த தலையுடையவை 'வுட்'. இன்று அவை உலோகத்தால் ஆனவை. மரம் பெயரில் மட்டும் எஞ்சியிருக்கிறது. நடுத்தரத் தொலைவுக்கு 'அயர்ன்', மணலிலிருந்து பந்தை மேலே எழுப்ப 'வெட்ஜ்', கிரீனில் உருட்ட 'பட்டர்'. டீயிலிருந்து அடிக்கும் நீண்ட அடி 'டிரைவ்'. கிரீனுக்கு அருகிலிருந்து மெல்லத் தட்டி உருளவிடுவது 'சிப்'. கிரீனில் குழியை நோக்கி உருட்டுவது 'பட்'. மட்டை பெயர்த்தெடுத்த புல்திட்டு 'டிவட்'. அதை எடுத்துப் பழைய இடத்திலேயே பதித்துவிட்டுச் செல்வது ஆட்டக்காரரின் கடமை. "ஃபோர்!" என்ற கூவல் கேட்டால் கிரிக்கெட் நினைவில் கைதட்டிவிடாதீர்கள், பந்து உங்களை நோக்கி வருகிறது, தலையைக் காத்துக்கொள்ளுங்கள் என்று பொருள்.

பையைச் சுமந்து, தொலைவு கணித்து, மட்டை தேர்வுக்கு ஆலோசனை கூறுபவர் 'கேடி'. இளைய மகனைக் குறிக்கும் 'கடே' என்ற பிரெஞ்சுச் சொல்லே ஸ்காட்லாந்து சென்று கேடி ஆனது. அதே சொல்தான் படைப்பயிற்சி பெறும் இளைஞரைக் குறிக்கும் 'கேடட்' ஆகவும் நிலைத்தது. கடக்வாஸ்லாவில் அணிவகுத்துச் செல்லும் கேடட்டும், மைதானத்தில் பை சுமக்கும் கேடியும் சொல்லளவில் உடன்பிறந்தோர்.

கேடியாகத் தொடங்கி வெற்றியாளராக உயர்ந்தோர் நம் நாட்டில் உண்டு. இந்திய ஓப்பன் போட்டியை 1991இல் வென்ற அலி ஷேரும், 2009இல் வென்ற முனியப்பாவும் கேடிகளாக இருந்து ஆட்டம் கற்றவர்களே.

ஹேண்டிகேப்: வல்லவரும் புதியவரும் ஒரே களத்தில்

இனி, என்னைத் தலைகுனியவைத்த சொல்லுக்கு வருவோம். இருவர் பண்டமாற்றும்போது மதிப்பு வேறுபாட்டை நடுவர் ஒருவர் தீர்மானிக்க, தொப்பிக்குள் கையிட்டுப் பந்தயப் பணம் வைக்கும் பழைய ஆங்கில விளையாட்டு ஒன்று இருந்தது. 'தொப்பிக்குள் கை' என்னும் பொருள்பட்ட அதன் பெயரே ஹேண்டிகேப் ஆகச் சுருங்கிற்று. குதிரைப் பந்தயத்தில் வலிய குதிரைக்குக் கூடுதல் சுமை ஏற்றிப் போட்டியைச் சமன்செய்யும் முறைக்கு அப்பெயர் சென்று, பின் கோல்ஃபுக்கு வந்தது.

கோல்ஃபில் இது ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண். எண் குறையக் குறையத் திறன் மிகுதி. எடுத்துக்காட்டாக, பார் 72 கொண்ட மைதானத்தில் ஹேண்டிகேப் 18 உடைய ஒருவர் 90 அடிகளில் முடிக்கிறார். ஹேண்டிகேப் 6 உடைய நண்பர் 80 அடிகளில் முடிக்கிறார். 90, 80 ஆகியவை 'கிராஸ்', அதாவது மொத்தம். ஹேண்டிகேப்பைக் கழித்தால் வருவது 'நெட்', அதாவது நிகரம். முதல்வருக்கு 72, நண்பருக்கு 74. மொத்தத்தில் பத்து அடி பின்தங்கியவர் நிகரத்தில் வென்றுவிடுகிறார். மொத்த ஊதியத்தைக் கண்டு ஒருவரின் வசதியை அளவிடக் கூடாது என்பது வங்கியில் கடன் மனு பார்ப்போர் அறிந்ததே.

இவ்வெண் ஒருநாள் ஆட்டத்தால் அமைவதன்று. 2020இல் நடைமுறைக்கு வந்த உலகப் பொதுமுறைப்படி, அண்மைய 20 ஆட்டங்களில் மைதானத்தின் கடினத்தைக் கணக்கிற்கொண்டு சிறந்த 8இன் சராசரியே அடிப்படை. தோற்ற ஆட்டத்தை மறைத்தாலும் குற்றம். ஹேண்டிகேப்பை உயர்த்திக்கொள்ள வேண்டுமென்றே மோசமாக ஆடினாலும் குற்றம். உண்மையாகப் பதிவு செய்தால்தான் எண்ணுக்கு மதிப்பு.

வெற்றியைத் தீர்மானிக்கும் முறைகள் இரண்டு. எல்லாக் குழிகளின் அடிகளையும் கூட்டிக் குறைந்தவரை வெற்றியாளராக்குவது 'ஸ்ட்ரோக் பிளே'. குழிக்குக் குழி வெற்றிதோல்வி கணக்கிடுவது 'மேட்ச் பிளே'. இதில் '3 அண்ட் 2' என்றால், இன்னும் இரண்டே குழிகள் எஞ்சியிருக்க ஒருவர் மூன்று குழிகள் முன்னணியில் இருக்கிறார். ஆட்டம் அங்கேயே முடிந்தது என்று பொருள். ஸ்ட்ரோக் பிளேயில் ஓர் அடியின் மதிப்பு என்ன என்பதற்கு, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கே சான்று. பார் 71 மைதானத்தில் நான்கு நாள் ஆடிய பெங்களூரின் அதிதி அசோக், 284க்குப் பதில் 269 அடிகளில், அதாவது பாருக்கு 15 குறைவாக முடித்தார். வெண்கலம் பெற்றவருக்கு 16 குறைவு. ஓர் அடியில் பதக்கம் நழுவியது. அப்போட்டியில் அவருக்குக் கேடியாகப் பை சுமந்தவர் அவருடைய தாயார்.

தண்டனை அடியும் கையொப்பமும்

பரந்த மைதானத்தில் ஒவ்வொருவர் பின்னாலும் நடுவர் செல்ல இயலாது. எனவே விதி மீறினால் தன்மீது தானே தண்டனை அடியைச் சேர்த்துக்கொள்வது கோல்ஃபின் மரபு. 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் உயர்புல்லில் பந்தை அடிக்க முனைந்தபோது அது சற்றே அசைந்தது. வேறெவரும் பார்க்கவில்லை. அவரே அறிவித்து ஓர் அடியைச் சேர்த்துக்கொண்டார். இறுதியில் போட்டி சமநிலையாகி, மறு ஆட்டத்தில் அவர் தோற்றார். அந்த ஓர் அடி இல்லையேல் அவரே வெற்றியாளர். அவருடைய நேர்மையைப் பாராட்டியோரிடம், வங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவரைப் பாராட்டுவீர்களா என்று கேட்டதாகச் சொல்வர்.

ஸ்ட்ரோக் பிளேயில் ஒருவரின் மதிப்பெண் அட்டையை உடன் ஆடுபவர் ஒருவர் எழுதுவார். அவர் 'மார்க்கர்'. ஆட்டக்காரர் குழிக்குழியாகச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். 1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதி நாள், அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு 45ஆவது பிறந்தநாள். 17ஆம் குழியில் அவர் எடுத்தவை மூன்று அடிகள். மார்க்கர் தவறுதலாக நான்கு என எழுதினார். டி விசென்சோ பார்க்காமல் கையொப்பமிட்டார். கூடுதலாக எழுதிய எண்ணில் ஒப்பமிட்டால் அதுவே நிலைக்கும் என்பது விதி. 65 என்பது 66 ஆயிற்று. சமநிலை பெற்று மறு ஆட்டம் ஆட வேண்டியவர், ஓர் அடியில் இரண்டாம் இடம் பெற்றார். ஆயிரக்கணக்கானோர் கண்ணெதிரே அடித்த அடியையும் ஒரு கையொப்பம் மாற்றிவிட்டது.

வங்கியிலும் இதே ஏற்பாடுதான். ஒருவர் பதிவு செய்வார். மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் அளிப்பார். இதை நன்கறிந்த நானே ஒருநாள் தவறினேன்.

மாத முதல் வாரம். கூட்டம் மிகுந்த நண்பகல். சிற்றுண்டிக் கடை நடத்தும் ஓர் அம்மையார், கல்லூரிக் கட்டணத்திற்காகத் தம் கணக்கிலிருந்து மகள் கணக்குக்கு 48,000 ரூபாய் மாற்றச் சீட்டுக் கொடுத்தார். பதிவின்போது கணக்கு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம்மாறின. பெறுபவரின் பெயர் என் திரையில் தெளிவாகத் தெரிந்தது. நான் தொகையை மட்டும் பார்த்து ஒப்புதல் அளித்தேன்.

மறுநாள் காலை, கதவு திறந்ததும் முதலாவதாக உள்ளே வந்தவர் என் திருநெல்வேலி ஆசிரியர். கைபேசியில் வந்த குறுஞ்செய்தியைக் காட்டினார். "இது என் பணமில்லை தம்பி. பந்து அசைந்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன், அதனால் சொல்ல வந்தேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கட்டணம் செலுத்த அன்று மாலையே கடைசி நேரம் என்பது, அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பணம் வந்து சேர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் அவர் கடையில் இருந்தார். நண்பகலுக்குள் தவறு திருத்தப்பட்டது, கட்டணமும் செலுத்தப்பட்டது. நான் அவரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். மேலதிகாரிக்கு எழுதிய விளக்கத்தில் பிழை என்னுடையது என்றே குறிப்பிட்டேன். அந்தக் கடிதத்தை எழுதும்போது, தன்மீது தானே ஓர் அடியைச் சேர்த்துக்கொள்வது எளிதன்று என்பதை உணர்ந்தேன்.

வாடிக்கையாளர்களுக்குச் சில சொற்கள்

நண்பர்களுக்குள் ஆடும்போது, தவறிய அடியைக் கணக்கில் கொள்ளாமல் மறுபடி அடிக்க விடுவது உண்டு. அதற்கு 'முல்லிகன்' என்று பெயர். ஆட்ட விதிகளில் அதற்கு இடமில்லை. பணக் கணக்கிலும் இடமில்லை. ஆகவே பணம் அனுப்புமுன் கணக்கு எண்ணை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். திரையில் பெறுபவர் பெயர் தோன்றினால், அதைப் பார்த்த பின்னரே உறுதிசெய்யுங்கள். எழுதி நீட்டப்பட்ட எந்தப் படிவத்திலும் படிக்காமல் கையொப்பமிடாதீர்கள். எழுதியவர் வங்கி அலுவலராகவே இருந்தாலும் சரி.

உங்களுக்குரியதல்லாத தொகை கணக்கில் வந்தால் உடனே கிளைக்குத் தெரிவியுங்கள். தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. ஆனால், தவறாக அனுப்பிவிட்டேன் என்று முன்பின் அறியாதவர் அழைத்தால், அவர் சொல்லும் எண்ணுக்கு நீங்களே அனுப்பிவிட வேண்டாம். அவ்வாறு ஏமாற்றுவோரும் உளர். வங்கியின் வழியாகவே திருப்புங்கள்.

எனக்குக் கோல்ஃப் ஆட இன்றும் தெரியாது. ஆயினும் ஒப்புதல் அளிக்கும் ஒவ்வொரு முறையும், தொகையைப் பார்க்குமுன் பெயரைப் படிக்கிறேன். செலுத்துச்சீட்டின் பின்புறம் அவர் வரைந்த 18 குழிகளின் படம் இன்னும் என் மேசைக் கண்ணாடியின் கீழ் இருக்கிறது.